தண்ணீர் ஊற்றிய குழாய்

என் மனைவி ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறதாம். அதே மாதிரி சவ்வில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் செய்வதுதான் அவள் வேலை. கொழுப்பை குளோரோஃபார்மில் கரைத்து, குடுவையில் சுழற்றி, பம்ப்பில் உலர்த்தி, சாயத் தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். சாயம் குமிழிக்குள் அடைபட்டுவிடும்; அது வெளியே கசிந்தால் சவ்வு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கரைப்பான்கள் அவள் கைத்தோலின் கொழுப்பையும் விட்டுவைக்கவில்லை. விரல் எல்லாம் வெடிப்பு. வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் பேச்சு வராது. நான் பஸ் கண்டக்டர், நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டியவன். எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம்தான் வாயாடி.

இந்த வருஷம் அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஒரு புது மருந்து சவ்வைத் தளர்த்துகிறது என்று பேராசிரியர் அம்மா கட்டுரை எழுதியிருந்தார். அதில் இவள் பெயரும் வரும் என்று சொல்லியிருந்தார். ஊரார் பெயர் வர உழைத்தவளுக்கு, ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பேயறைந்த மாதிரி வந்தாள்.

"மருந்து தீர்ந்துபோச்சு. ஏதோ ஞாபகத்துல வெறும் ஆல்கஹாலை விட்டுட்டேங்க. அதுக்கும் சாயம் அதே அளவு கசியுது."

அந்த மருந்து தண்ணீரில் கரையாது; ஆல்கஹாலில் கரைத்துத்தான் விடுவார்கள். ஒப்பிடுவதற்கு வைக்கும் மருந்தில்லாத சோதனைக் குழாயிலும் அதே அளவு ஆல்கஹால் விட வேண்டும். மருந்தே இல்லாத குழாய்க்கு அது எதற்கு என்று, சிக்கனமாக இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

"ஆல்கஹால் என்ன பண்ணும்?"

"உங்க பஸ்ல ரெண்டு பேர் சீட்டுல மூணாவது ஆள் இடிச்சு உட்கார்ற மாதிரிதான். நெருக்கி நிக்கற கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவுல நுழைஞ்சுடும். எல்லாம் விலகி, சவ்வு மெலிஞ்சு, உள்ள இருக்கறது கசிஞ்சுடும். இத்தனை நாள் மருந்தோட வேலைன்னு நினைச்சது இதைத்தான்."

"யாருக்குத் தெரியப் போகுது? வாயை மூடிக்கிட்டு இரு."

சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நாளைக்கு அந்தக் கட்டுரையை நம்பி யாராவது அந்த மருந்தைச் சாப்பிடுவாங்கங்க" என்றாள்.

மறுநாள் சொல்லிவிட்டாள். பேராசிரியர் அம்மா திட்டவில்லை. கட்டுரையை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து செய்யலாம் என்றாராம். அதற்கு இரண்டு வருஷமாவது ஆகும். இவளுக்கு மிச்சம் ஐந்து மாதம்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷத்துல நானா கண்டுபிடிச்சது இது ஒண்ணுதாங்க," என்றாள். "அதுவும் என் தப்பை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா.