சௌடம்மாள் பொறுக்கிய பந்துகள்

அருப்புக்கோட்டையில் கோல்ப் பந்து பொறுக்கத் தெரிந்த ஆள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் சேலை கட்டியிருந்தது. சௌடம்மாள் தன் ஆயுளில் அந்த மட்டையைத் தொட்டதில்லை. தொடச் சொல்லியிருந்தாலும் முதலில் துரையின் மண்டையில்தான் சோதித்துப் பார்த்திருப்பாள்.

துரை என்றால் டன்பார் துரை, பஞ்சு அரைவை ஆலையின் மானேசர். திருச்சுழி ரோட்டோரம் வறண்டு கிடந்த கண்மாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் ஆறு குழி வெட்டி, ஆறு கொடி நட்டு, குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, அதற்கு மைதானம் என்று பெயர் வைத்திருந்தார். தண்ணீர் நிற்பதற்காக எந்தக் காலத்திலோ எந்த ராசாவோ வெட்டிய கண்மாய் அது. தண்ணீர் வரவில்லை, துரை வந்தார். பந்தை அடிப்பார், அதன் பின்னாலேயே நடப்பார், மறுபடி அடிப்பார், காணாமல் போனால் கத்துவார். காணாமல் போகும்படி அடிக்காமல் இருந்தால் என்ன என்று கேட்க அப்போது ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பந்து நிறையவே காணாமல் போனது. கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். முழங்கை போகிற அளவுக்குப் பிளவு. பந்து உருண்டு போய் உள்ளே விழுந்துவிட்டால் பூமாதேவியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டு வாங்குகிற உத்தியோகம் சௌடம்மாளின் புருஷன் திம்மையாவுக்கு. முனை வளைத்த கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு, துரை கொடுத்த காக்கி டவுசரில், வெடிப்பு வெடிப்பாகக் குப்புறப் படுத்துத் துழாவுவான்.

திம்மையா நல்ல நெசவாளி. ஆனால் 1944-இல் நல்ல நெசவாளிக்கும் மோசமான நெசவாளிக்கும் ஒரே நூல்தான்: இல்லாத நூல். சண்டை நடக்கிறது என்று சொல்லி நூலுக்குப் பெர்மிட்டு வைத்துவிட்டார்கள். தெருவில் நாற்பது தறி, எட்டு மாதமாகச் சத்தமில்லை. சௌடம்மாள் வீட்டுத் தறிக்குழியில் கோழி அடை உட்கார்ந்து ஒன்பது குஞ்சும் பொரித்துவிட்டது. கோழிக்காவது அந்தக் குழி பிரயோசனப்பட்டதே என்று அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. புருஷன் கால் அந்தக் குழிக்குள் மிதியை மிதிக்க வேண்டும், டவுசர் போட்டுக்கொண்டு கண்மாயில் நிற்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

சண்டை பந்தையும் விடவில்லை. மலேயா ரப்பர் எல்லாம் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டதால் புதுப் பந்து வருவது நின்றுபோனது. பத்து டஜன் நாற்பத்தொன்றாகக் கரைந்தது. துரை பந்துப் பையைத் திம்மையாவிடம் கொடுத்து, வாராவாரம் நல்லதாக மூன்று எடுத்து வை என்றார். திம்மையா வெளுப்பாக இருந்த மூன்றை எடுத்து வைத்தான். அன்றைக்குத் துரை அடித்த மூன்றும் ஆட்டுக்கிடைப் பக்கம் போய் விழுந்தன. துரை இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் தன் அம்மாவைப் பற்றியது என்று திம்மையாவுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வீட்டில் புழக்கம் கன்னடம், சண்டை மட்டும் தமிழ். திட்டுவதற்குத் தமிழ்தான் தோது என்பது சௌடம்மாளின் கட்சி. அன்று சாயங்காலம் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"வெளுப்பப் பாத்து எடுத்தீகளாக்கும்? நூலுன்னா வெளுப்பப் பாத்தா எடுப்பீக?"

"நூலும் பந்தும் ஒண்ணா புள்ள?"

"இங்கிட்டுக் குடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு நூலைக் கன்னத்தில் தேய்த்தே நம்பர் சொல்லுகிறவள் அவள். ஒவ்வொரு பந்தாக அம்மிக்கல்லில் போட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டாள். சில பந்து 'டக்' என்றது, சில 'தொப்' என்றது. 'தொப்' எல்லாவற்றையும் ஒதுக்கினாள். மிச்சத்தைத் தாம்பாளத்தில் உருட்டினாள். அதற்குப் பிறகு அவள் செய்ததை நெசவாளி வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பாவுக்குக் கஞ்சி போடும்போது நூல் கொஞ்சம் பாரமாக இருக்கட்டும் என்று கஞ்சியில் பேதியுப்புக் கலப்பார்கள். இது தெருவுக்கே தெரிந்த ரகசியம், வியாபாரிக்கு மட்டும் தெரியாது. எட்டு மாதமாக வேலையில்லாமல் கட்டிதட்டிக் கிடந்த பேதியுப்பை ஒரு பானைத் தண்ணீரில் கரைத்து, கரைய முடியாத அளவுக்குக் கரைத்து, பந்துகளை உள்ளே போட்டாள். நல்ல தண்ணீரில் கல்லாக மூழ்குகிற பந்து இந்தத் தண்ணீரில் மிதந்தது. சுண்டிவிட்டால் சில பந்து எப்படி வேண்டுமானாலும் நின்றது. சில பந்து எத்தனை தடவை சுண்டினாலும் ஒரே பக்கத்தைத்தான் மேலே காட்டியது. உள்ளுக்குள் ஒருச்சாய்ப் பாரம்.

அதோடு மூன்று சாதி பிரித்துப் பெயரும் வைத்துவிட்டாள். எப்படிச் சுண்டினாலும் பிடிவாதம் பிடிக்காதது நம்மாளு. ஒரு நாள் ஒழுங்காகவும் மறுநாள் முறுக்கிக்கொண்டும் நிற்பது பங்காளி. வெளியே பளபளவென்று இருந்துகொண்டு, எங்கே விட்டாலும் மாமனார் வீட்டுப் பக்கமே திரும்புவது மாப்பிள்ளை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மாளு மூன்று போனது. கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கினாலும் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. துரை ஆனந்தப்பட்டுத் திம்மையாவின் முதுகில் தட்டினார். யார் பொறுக்கியது என்று அவர் கேட்கவில்லை, திம்மையாவும் சொல்லவில்லை. சௌடம்மாளுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் பானையில் உப்பைக் கரைத்தாள். நன்றாகச் செய்யத் தெரிந்த வேலை கைக்கு வந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை திம்மையா பரபரப்பாக வந்தான்.

"ஞாயித்துக்கெழம ராஜகுரு வாராரு. நம்ம நூல் ஆபீசரு! அவரும் இந்தக் குழிப்பந்து வெளையாடுவாராம். நம்ம துரையோட போட்டி."

சௌடம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். தெருவின் நூல் பெர்மிட்டு மனு எட்டு மாதம் போய்ப் பதினாலு மாதமாக அந்த ராஜகுருவின் பையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"பந்து?"

"அவருகிட்ட ஏது பந்து? ரெண்டு பேருக்கும் நம்ம பந்துதான். மூணு மூணு. துரை கண்டிசனாச் சொல்லிட்டாரு, அவருதான் ஜெயிக்கணும்னு. அவரு தோத்தா என் சீட்டுக் கிழிஞ்சிரும்."

"ஆபீசரு தோத்தா?"

"அவரு தோத்தா நமக்கென்ன?"

நமக்கென்னவா! சௌடம்மாளுக்குப் புருஷன் மேல் பாவமாக வந்தது. தோற்ற கையால் எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவார்? சனிக்கிழமை பானைக்கு முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தாள். ஒரு பக்கம் புருஷனின் டவுசர், இன்னொரு பக்கம் நாற்பது தறி. கடைசியில் நம்மாளுகளிலேயே தலைசிறந்த மூன்றை எடுத்துப் பச்சை நூல் கட்டிய பையில் ஆபீசருக்குப் போட்டாள். மாப்பிள்ளைகளிலேயே படுமோசமான மூன்றைச் சிவப்பு நூல் பையில் துரைக்குப் போட்டாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவன் முகமே துரையிடம் போய்ச் சொல்லிவிடும்.

ஞாயிறு காலை மோர்ப்பானையோடு அவளும் கண்மாய்க்குப் போனாள். ஆபீசர் ராஜகுரு காரில் வந்து இறங்கினார். தொந்திக்கு மேல் சிலுக்குச் சட்டை, தலையில் தொப்பி. கருவேலமரத்து ஓரம் நின்று பார்த்த சௌடம்மாளுக்கு முதல் அடியிலேயே கணக்குத் தப்பிவிட்டது தெரிந்தது.

துரைக்கு ஒரு பழக்கம். எந்தப் பந்தை அடித்தாலும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும்படிதான் அடிப்பார். மாப்பிள்ளைப் பந்தோ இடது பக்கம் சாய்கிற ஜாதி. இரண்டு கோணலும் சேர்ந்து பந்து நூல் பிடித்தமாதிரி நேராகக் கொடிக்கே போனது! துரை தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ராஜகுருவின் பந்து நல்ல பந்து. எங்கே அடித்தாரோ அங்கே போனது. அதுதான் கேடு. அவர் வேலிக்குள் அடித்தார், வேலிக்குள் போனது. வெடிப்பைப் பார்த்து அடித்தார், வெடிப்புக்குள் இறங்கியது. நாலாவது குழியில் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் புட்டத்தில் அடித்தார். அது திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. ஆறு குழியும் துரைக்கு. ராஜகுரு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, மோர் வேண்டாம் என்றார்.

தெருவின் சார்பாகத் திம்மையா தலையைச் சொறிந்தான். "எசமான், எங்க தெரு நூலு..."

"நூலா? அடுத்த வருஷம் பாக்கலாம்." ராஜகுரு கையிலிருந்த பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். "இந்தப் பந்துல என்னமோ இருக்கு. யார்யா பொறுக்கினது?"

ஆறு மாதம் சொல்லாததைத் திம்மையா அரை நொடியில் சொன்னான். "என் வீட்டுக்காரி, எசமான்!"

கூப்பிட்டார்கள். சௌடம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள். உங்களுக்குத்தான் இருக்கிறதிலேயே நல்லதைக் கொடுத்தேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ராஜகுருவின் முகத்தைப் பார்த்தாள். நல்ல பந்தில் தோற்றேன் என்று இந்த மனுஷன் வீட்டுக்குப் போனால் எப்படித் தூங்குவார்? நூல் எப்படி வரும்? அவருக்கு இப்போது வேண்டியது ஒரு சாக்கு. அதை அவள்தான் கொடுக்க முடியும்.

"எசமான் மன்னிக்கணும். ஒங்களுக்குச் சொத்தப் பந்தாப் பொறுக்கிக் குடுத்தேன். நல்லதெல்லாம் எங்க தொரைக்கி. அவுக உப்பத் திங்கிறோம், வேற என்ன செய்ய?"

ராஜகுருவின் முகத்தில் தீபாவளி வந்தது. "பாத்தீங்களா மிஸ்டர் டன்பார்! நான் அப்பவே சொல்லல? ஏழை ஆனாலும் பொய் சொல்லத் தெரியல பாருங்க, நேர்மையா ஒத்துக்கிட்டா!" கையிலிருந்த பந்தை வீசி எறிந்தார். ஆட்டத்தில் ஒரு தடவைகூட அவ்வளவு அழகாக அவர் கையை வீசவில்லை. பந்து கருவேலங்காட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. பானையில் போட்ட நாற்பத்தொரு பந்திலேயே தலைசிறந்தது அது. சௌடம்மாள் அது விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டாள். ராஜகுரு காரிலிருந்து மனுவை எடுத்து, காரின் முன்பக்கத்திலேயே வைத்து, நாற்பது தறிக்கும் கையெழுத்துப் போட்டார்.

துரையின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. திருட்டாட்டம் ஆடியவர் என்று ஆகிவிட்டதே!

"திம்மையா! நாளைக்கு வராதே. டவுசர் கழட்டி வச்சிட்டுப் போ."

திம்மையா துண்டைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தான். பதினைந்தாம் நாள் நூல் வந்தது. தெருவே வந்து சௌடம்மாளைப் பாராட்டியது. பாராட்டின லட்சணம் வேறு. "ஆபீசருக்கே ஊத்தப் பந்தக் குடுத்தியாமே, கெட்டிக்காரிடி நீ!" என்று கன்னத்தைக் கிள்ளினாள் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள். ஒரு தடவைகூடத் தப்பாகப் பொறுக்காதவளுக்கு அந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் கையெழுத்து என்ன ஆகுமோ. சிரித்து வைத்தாள்.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம் கோழியை விரட்டிவிட்டுத் திம்மையா குழிக்குள் இறங்கி உட்கார்ந்தான். பாவு ஏறியாகிவிட்டது. மிதியில் காலை வைத்தவன் மிதிக்காமல் அவளையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"ஏ புள்ள, நெசத்தச் சொல்லு. தொரை தோத்தா என் வேல போயிரும்னுதான அவருக்கு நல்ல பந்தக் குடுத்த? அம்புட்டுப் பேரு முன்னாடி எனக்காக அவமானப்பட்டு நின்னியே."

உண்மையில் துரைக்கு மோசமான பந்தைக் கொடுத்து அவன் வேலையைத் தூக்கித் தறிக்குழிக்குள் போட்டவள் அவள்தான். அதையும் சொல்ல முடியாது, ஒரு பந்தையும் தப்பாகப் பொறுக்கவில்லை என்பதையும் சொல்ல முடியாது. அவள் வெட்கத்தோடும் கோபத்தோடும் அறுந்த இழை ஒன்றைத் தேடி முடிச்சுப் போட்டாள்.

"ம்," என்றாள். "மிதிங்க."