2604-ஆம் வருஷத்துப் புத்தகம்

எங்கள் பேரன் பிறந்து பதினாறு நாளாகியும் அவனுக்குப் பெயர் வைக்க முடியவில்லை. காரணம், தங்கம்.

தங்கம் என் மருமகள் கண்மணியின் அம்மா. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் மசாலா மில்லில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள். நாள் முழுக்கக் கிள்ளினால் விரல் நெருப்பாக எரியும். சாயங்காலம் வந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, விரலை நாக்கில் வைத்துக் காரம் போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் பேரனைத் தொடுவாள். அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் ஒற்றை ஆளாகக் கண்மணியை வளர்த்து என் மகனுக்குக் கட்டிக்கொடுத்தாள்.

அவள் புருஷன் சிங்காரவேலு என் சிநேகிதன். ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் குடியிருந்தோம். ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் காலையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனவன் திரும்பவே இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆட்களைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டு போன நேரம் அது. அவனையும் அப்படித்தான் கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்தோம்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பியபோது தங்கம் இரண்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்தாள். "புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும், பாத்தீங்களா?" என்று கேட்பாள். பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. அதைச் சொல்வதற்கு நான் கூடப் போவேன். பதினாறு வருஷமாகப் பொட்டையும் எடுக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை.

அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைத்தான் பேரப்பிள்ளைக்கு வைப்பார்கள். கண்மணிக்கு அப்பா பெயரை வைக்க ஆசை. தங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

"உயிரோட இருக்கற மனுசன் பேர வெச்சா நானே அவரக் கொன்ன மாதிரி" என்றாள்.

என் மனைவி சிவகாமசுந்தரிக்கு எதையும் சிரிப்பாக்க வேண்டும். "வெச்சாலும் நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க சம்பந்தி? தொட்டில்ல கெடக்கறவன ஏங்க, ஏங்கன்னா?"

தங்கமும் சிரித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்பாங்கல்ல? கேட்டுப் பாத்துருவோம். இல்லைன்னு சொல்லட்டும், வேற பேரு வைங்க. இருக்குன்னு சொன்னா…" என்று நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் டிராலி பஸ் ஏறிப் பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசுக்குப் போனோம். ஒரு பக்கம் பிறப்புக்கு ஜன்னல், இன்னொரு பக்கம் இறப்புக்கு. பிறப்பு ஜன்னலில் ஒரே பிள்ளைச் சத்தம். இறப்பு ஜன்னலில் இருந்தவர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறியள்? பேர் என்ன?"

தங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிங்காரவேலு" என்றேன்.

"அவ வாய் திறக்க மாட்டாவோ?"

"வீட்டுக்காரர் பேருங்கய்யா."

"ஓ, சரி சரி. என்ர மனிசியும் உப்பிடித்தான். நான் செத்தால் அவவும் இங்க வந்து முழிக்கப்போறா."

விவரம் எழுதிக்கொண்டார். கேட்கிறவன் என்று என் பெயரையும் எழுதினார்: வைரக்கண்ணு, தகப்பன் பெயர் அய்யாக்கண்ணு. ஜப்பான் காலத்துப் புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகத்தான் பார்க்க வேண்டும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

அந்த வாரம் முழுக்கத் தங்கம் மில்லுக்குப் போனாள், வந்தாள், கை கழுவினாள். பெயர் இல்லாத பிள்ளையை எல்லோரும் குட்டி என்று கூப்பிட்டோம்.

அடுத்த வாரம் போனபோது அம்பலவாணர் தலையை ஆட்டினார். "நாலு வருசப் புத்தகமும் பார்த்தனான். சிங்காரவேலு எண்டு உங்கட ஆள் ஒருத்தரும் இல்லை."

தங்கம் கண்ணை மூடித் தாலியைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். இன்னும் பதினாறு வருஷம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருப்பாள் போல இருந்தது.

"தேடினது, கிடைக்கேல்லை எண்டு கடிதம் தாறன். வாங்கினதுக்கு ஐயா ஒரு கையெழுத்துப் போடுங்கோ. அடையாளக் கார்டைக் காட்டுங்கோ."

கார்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"இந்தப் பேரை நான் எங்கேயோ… அபூர்வமான பேரெல்லோ. கொஞ்சம் இருங்கோ."

உள்ளே போனவர் ஒரு பழைய தடிப் புத்தகத்தோடு வந்தார். அட்டையில் 2604 என்று இருந்தது. "ஜப்பான்காரர் தங்கட கணக்கில வருசம் எழுதினவங்கள். எங்களுக்கு இது 1944" என்று சொல்லிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"வைரக்கண்ணு. தகப்பன் அய்யாக்கண்ணு. வயசு முப்பத்தொண்டு. துறைமுகத் தொழிலாளி." என் துறைமுகப் பாஸ் நம்பரையும் படித்தார். "பெரியாஸ்பத்திரியில நிமோனியாக் காய்ச்சலாலே இறந்தவர். ஐயா, நீங்கள் செத்துப் பதினாறு வருசம்!"

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

செத்தது யார் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் துறைமுகப் பாஸ் வைத்திருந்தவனைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள். எனக்குப் பாஸ் இருந்தது; சிங்காரவேலுவுக்கு இல்லை. அதில் படம் கிடையாது. பெயரும் நம்பரும் முத்திரையும்தான். ஒரு பாஸில் இரண்டு பேர் பிழைத்தோம். எனக்கு வேலை இல்லாத நாளில் அவன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போவான். யாராவது நிறுத்தினால் அவன் வைரக்கண்ணு, அவன் அப்பா அய்யாக்கண்ணு. கிழங்கு வாங்கப் போன அன்றைக்கும் அவன் சட்டைப் பையில் என் பாஸ் இருந்தது. அவனுக்கு முந்தின நாளிலிருந்தே இருமல். வழியில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்; அங்கேயும் பயந்து என் பெயரையே சொல்லியிருப்பான்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு, பாஸ் கடலில் விழுந்துவிட்டது என்று ஆபீசில் பொய் சொல்லி வேறு வாங்கினேன். தெரிந்தால் தலையை எடுத்துவிடுவான் என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஜப்பான்காரன் போன பிறகும் திறக்கவில்லை. அவன் என் பெயரோடு போனவன் என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படியிருந்தும் பதினாறு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிங்காரவேலு, சிங்காரவேலு என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன அண்ணே? ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள் தங்கம்.

பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"என்னிக்கு, ஐயா?"

அம்பலவாணர் தேதியைச் சொன்னார். வீட்டை விட்டுப் போன நான்காவது நாள்.

"நாலு நாளு" என்றாள். "நாலு நாளு அங்கதான் கெடந்திருக்காரு. வீட்டுலேருந்து நடந்தா அரை மணி நேரங்கூட ஆவாது. நான் போனேன் அண்ணே. மூணாவது நாளு பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கே போனேன். பேரு கேட்டாங்க. எனக்குச் சொல்ல வரல. கூட வந்த பக்கத்து வீட்டு அம்மாதான் பேரச் சொன்னாங்க. அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்க."

இது எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் சொன்னதே இல்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை, என் பெயரைக் கேளு என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் அவனைப் பார்த்திருப்பாள்.

"தங்கச்சி…"

"பேசாதீங்க அண்ணே."

பஸ்ஸில் அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பொட்டை அழித்தாள். சிவகாமசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்மணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். என் மகன்தான் மெதுவாக, "அப்போ அத்தை, இனி மாமா பேர வைக்கலாமா?" என்று கேட்டான்.

தங்கம் என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல அவர அவரு பேர்ல சாவ விடுங்க. அப்புறம் பிள்ளைக்கு வைப்போம்."

மறுநாளே போனேன். நான் பாஸைக் கொடுத்ததையும் பொய் சொன்னதையும் அம்பலவாணர் இங்கிலீஷில் எழுதி, தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். அதை ஒரு அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் எங்களோடு குடியிருந்த சாகுல் ஹமீது பாயும் வந்து சாட்சி சொன்னார். "வைரக்கண்ணு உசிரோட இருக்கான்னு சத்தியம் பண்ணச் சொல்றாங்க, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு, மூஞ்சியப் பாருங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மாசம் ஆனது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். தங்கம் தினமும் வந்தாள், கை கழுவினாள், அவனைத் தூக்கினாள். என்னோடு மட்டும் பேசவில்லை.

கடிதம் வந்ததும் போனோம். அம்பலவாணர் அதே புத்தகத்தைத் திறந்து காட்டினார். என் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் புது எழுத்தில் அவன் பெயர். தங்கத்துக்குப் படிக்கத் தெரியாது. "எது?" என்று கேட்டு, அந்த இடத்தில் மிளகாய் தின்ற விரலை வைத்து, வெகு நேரம் எடுக்கவே இல்லை. அம்பலவாணரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவளே எதிர்ப்பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன். பிறப்பு ஜன்னலில் இருந்த பெண் பிள்ளையின் பிறப்புக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பேர் போடலயே. பிள்ளைக்கு என்ன பேரு?" என்றாள்.

வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். தங்கம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சிங்காரவேலு" என்றாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.