அச்சில் வைத்த கிரீஸ்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் கிரீஸ் அடிப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கதவுக் கீல், தையல் மெஷின், பக்கத்து வீட்டுக் கேட் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு சொட்டாவது வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒருமுறை என் குடைக்கும் போட்டார். என் நல்ல சேலை ஒன்று பாழாய்ப் போனது.

மகளுக்கு இயற்பியல் வகுப்பில் எலிப்பொறி ஸ்பிரிங்கால் ஓடும் வண்டி செய்யச் சொன்னார்கள். ஐந்து மீட்டர் ஓட வேண்டும், இரண்டே வாய்ப்பு. ஓடாவிட்டால் செய்முறை மதிப்பெண் கிடையாது. எழுத்துத் தேர்விலோ ஏற்கெனவே தட்டுத்தடுமாறி நிற்பவள். பழைய சிடிக்களைச் சக்கரமாக்கி, பொறியின் கம்பியில் நூலைக் கட்டி, மறுமுனையை அச்சில் இறுக்கிச் சுற்றினாள். கம்பி நூலை இழுத்தால் அச்சு சுழலும். பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினாள்.

இவரோ குட்டி போட்ட பூனை மாதிரி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“கை வைக்காதீங்கப்பா. நானே பண்ணிக்கிறேன்.”

“நான் எங்கம்மா வெச்சேன்? பாத்துட்டுதானே இருக்கேன்.”

ஓட்டிக் காட்டும் நாளில் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி நடைபாதையில் சுவரோரமாக நின்றோம். கம்பி படாரென்று சாய்ந்தது. வண்டி அசையவே இல்லை. நூல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மகள் அச்சைத் தடவி விரலை மோந்து பார்த்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் இவர் பக்கம் திரும்பினேன்.

“என்னங்க பண்ணீங்க?”

“காலைல அவ குளிக்கப் போனப்ப... லேசா சுத்தட்டுமேன்னு அச்சு முழுக்க...”

அந்த இடத்திலேயே அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். நூல் பிடிக்க வேண்டிய இடத்தில் போய் கிரீஸைத் தடவியிருக்கிறார் மனிதர். அவருக்குக் கால் நிலைகொள்ளவில்லை. இரண்டடி முன்னால் போனார்.

“நான் துடைச்சுத் தரேன்மா.”

“அங்கயே நில்லுங்கப்பா.”

நின்றார். அவள் கைக்குட்டையால் அச்சைத் துடைத்தாள். வகுப்புக்குள் ஓடிச் சாக்பீஸ் எடுத்துவந்து அழுத்தித் தேய்த்து, நூலை மறுபடி சுற்றினாள். இந்தத் தடவை வண்டி கிளம்பியது. ஐந்து மீட்டர் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போய் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கைதட்டக்கூட இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் மகளின் அறைக்கதவு கிறீச்சிட்டது. எண்ணெய்க் கேனோடு எழுந்து போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“போடட்டுமாம்மா?”

இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“கீலுக்கு மட்டும்,” என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.