மண்ணூர்பேட்டை முதல் பாரிவாக்கம் வரை: ஒரு பிரேக்கரோடு டெம்போ பயணம்

பழுது பார்த்த ஹைடென்ஷன் பிரேக்கரை, அதாவது ஆலைக்கு வரும் உயர் அழுத்த மின்சாரத்தைச் சேர்க்கவும் துண்டிக்கவும் உதவும் பெரிய சுவிட்சை, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வரலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வரலாம். நான் வந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், கத்திரி வெயில். பாரிவாக்கத்தில் பிளாஸ்டிக் குடம் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். எங்கள் பிரேக்கர் ஆன் செய்தால் நிற்காமல் டிரிப் ஆகிக்கொண்டே, அதாவது தானாக ஆஃப் ஆகிக்கொண்டே இருந்தது. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் சரி செய்யக் கொடுத்திருந்தோம். அதைத் திருப்பி எடுத்து வரத்தான் இந்தப் பயணம்.

காலை பத்தரைக்குப் பட்டறைக்குப் போனேன். டெம்போ வாடகை இருநூறு ரூபாய், தூரம் அம்பத்தூர், ஆவடி வழியாகச் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். டிரைவர் ஏழுமலை, முப்பது வயது இருக்கும், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர். நான் உள்ளே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் பிரேக்கரை ஏற்றித் தார்ப்பாய் மூடிவிட்டார்கள். முன்மூடிக்கு அடித்த பெயின்ட் காயவில்லை என்று அதைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள். டெஸ்டிங் பையன் மணி, "ஒரு தபா ஆன் பண்ணி டிரிப் அடிச்சுட்டேன் மேடம். ஸ்பிரிங் ரிலீஸ் ஆயிடுச்சு, பயப்படாம போங்க" என்றான். நானும் நம்பிக் கிளம்பினேன்.

இங்கே கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த பிரேக்கரைக் கையின் வேகத்தை நம்பி ஆன் செய்ய முடியாது. மெதுவாகச் சேர்த்தால் உள்ளே தீப்பொறி பறந்து முனைகள் கருகிவிடும். அதனால் ஒரு சின்ன மோட்டார் தடிமனான ஸ்பிரிங்கை இழுத்துக் கொக்கியில் மாட்டி வைக்கும். எலிப்பொறி மாதிரிதான். பட்டனை அழுத்தினால் கொக்கி விடுபடும், கண் இமைப்பதற்குள் பிரேக்கர் ஆன் ஆகிவிடும். போகிற போக்கில் இன்னொரு ஸ்பிரிங்கையும் அது இழுத்து வைத்துவிடும், டிரிப் ஆவதற்கு. இதெல்லாம் முடிந்ததுமே மோட்டார் மறுபடி ஓடி முதல் ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும். கரண்ட் போனாலும் அடுத்த முறைக்குத் தயாராக இருக்க வேண்டுமே!

ஆவடி தாண்டிப் பூந்தமல்லி சாலையில் திரும்பியதும் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. "கவுறு லூஸாய்க்கீது யக்கா, இரு, கட்டிட்டு வந்துர்றேன்" என்று ஏழுமலை பின்னால் ஏறினார். நானும் இறங்கிப் போனேன். கயிற்றின் நுனி பிரேக்கரின் திறந்த வாய்க்குள் விழுந்திருந்தது. தார்ப்பாயை ஒதுக்கி முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் பிரேக்கரின் மேல் மஞ்சள் பட்டை தெரிந்தது. மஞ்சள் என்றால் ஸ்பிரிங் இழுபட்டு நிற்கிறது என்று பொருள்.

மணி மோட்டார் வயரைப் பிடுங்காமலேயே ஆன் செய்திருக்கிறான். அவன் ஸ்பிரிங்கை விட்டான், மோட்டார் திரும்ப இழுத்து வைத்துவிட்டது.

"ஏழுமலை, அசையாதீங்க! கைய இழுக்காதீங்க!"

"இன்னாக்கா இப்டி கத்துற? கவுறு மாட்டிக்கிச்சு, அவ்ளோதான்."

அவர் சொன்னது மணிக்கட்டில் இருந்த கோயில் கயிற்றை. கொக்கியை விடுவிக்கும் நெம்புகோலில் அது சிக்கியிருந்தது. அவர் வெடுக்கென்று இழுத்திருந்தால் விரல்கள் மிஞ்சியிருக்காது. சொன்னேன்.

"கைய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க, கயிறு தொய்யட்டும்" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தேன்.

"அம்மன் கவுறுக்கா. அறுத்துடாத."

"அம்மன்கிட்ட வேற கயிறு இருக்கு. உங்ககிட்ட வேற கை இருக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டினேன். கை மெதுவாக வெளியே வந்தது. பிறகு வண்டியிலிருந்த மூங்கில் கழியால் எட்ட நின்று ஆன் பட்டனை அழுத்தினேன். டமார்! டெம்போவே குலுங்கியது. அடுத்து டிரிப் பட்டன், இன்னொரு சத்தம். மோட்டாருக்குக் கரண்ட் இல்லாததால் இந்த முறை எதுவும் திரும்ப இழுபடவில்லை. பட்டை வெள்ளைக்கு மாறியிருந்தது.

"யம்மாடி! இதுக்குள்ளயா கைய வுட்டேன்?" என்று ஏழுமலை சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்குக் கைக்கு வந்தது கயிற்றோடு போயிற்று. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

பிரேக்கரை எடுத்து வரப்போகிறவர்களுக்கு: முதலில் மோட்டார் வயரைப் பிடுங்குங்கள். அப்புறம் ஆன், அப்புறம் டிரிப். யார் என்ன சொன்னாலும் பட்டையின் நிறத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். பெயின்ட் காயாவிட்டால் என்ன, மூடியை மாட்டியே ஏற்றுங்கள்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அங்கிருந்து பாரிவாக்கம் வரை நான் பார்த்துக்கொண்டு வந்தது கியர் மேலிருந்த ஒரு கையைத்தான். ஐந்து விரலும் இருந்தன.