தண்ணீர்த் தட்டுக்கு வந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டிரங்க் கால் வந்தது. ஆபரேட்டர் நாங்கள் முன்பு குடியிருந்த சுரங்க ஊரின் பெயரைச் சொன்னார். நல்ல செய்தி தபாலில் வரும், கெட்டது போனில் வரும் என்று நம்புகிறவள் நான். மறுமுனையில் சிவபாலன், என் சிநேகிதி திலகத்தின் கணவர்.

"கோமதி, நான் சிவபாலன் கதைக்கிறன். திலகம் மோசம் போயிட்டா."

"மோசமா? யாருங்க மோசம் பண்ணினது?" என்று கேட்டேன்.

அவர் எனக்குப் புரிகிற தமிழைத் தேடி எடுத்து, "செத்துப்போனா, கோமதி" என்றார். யாழ்ப்பாணத்தார் சாவை அப்படிச் சொல்வார்கள் என்று நாலு வருஷம் எதிர்வீட்டில் குடியிருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அதுவரை எங்களுக்குள் யாரும் சாகவில்லை. துக்கத்தில் இருந்த மனுஷனை அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்ல வைத்த பாவி நான்.

போனை வைத்ததும் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன் வந்த திலகத்தின் கடிதம் அங்கேயேதான் கிடந்தது. அதன் கடைசி வரி: "ஒருக்கா ஆறுதலா வாங்கோ." நான் போகவில்லை. 'ஆறுதலா' என்ற அந்த ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற பயம்தான் அன்றிலிருந்து என்னைத் தின்கிறது. சிட்னியில் திலகத்தை அறிந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

எழுபத்து நாலில் நாங்கள் அந்தச் சுரங்க ஊருக்குப் போனோம். இங்கிருந்து மேற்கே ஒரு நாள் முழுக்க ரயில். சிவப்பு மண், சாம்பல் நிறத்தில் உப்புப்புதர், கோடையில் நாற்பதைத் தாண்டும் வெயில். என் வீட்டுக்காரர் சுரங்க இன்ஜினியர். இவர் பூமிக்குள் இறங்கியதும் எனக்கு மூச்சு நிற்கும், மேலே வந்தால்தான் திரும்ப வரும். ஷிப்ட் முடிகிற சங்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் நான் வாசலில் நிற்பேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண்மணி இதை மூன்று நாள் பார்த்துவிட்டு, நாலாம் நாள் தெருவைக் கடந்து வந்தார். "நீங்கள் தமிழோ? ஓமெண்டால் இங்க நிண்டு என்ன செய்யிறீங்கள், வாங்கோ, பின்வளவில இருந்து பயப்பிடலாம்" என்றார். பயப்படாதே என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். அதுதான் திலகம். ஹைஸ்கூலில் சயன்ஸ் டீச்சர், என் வயதுதான்.

அந்தப் பின்வளவை, அதாவது கொல்லைப்புறத்தை, தோட்டம் என்று சொன்னால் எங்கள் திருநெல்வேலியில் சிரிப்பார்கள். மூன்று பக்கம் தகரவேலி, நடுவில் துணி காயப்போடும் கம்பி, அதன் கீழே ரொட்டி சுடும் பழைய தட்டில் தண்ணீர். குருவிகள் நின்று குடிக்க அதற்குள் நாலு கல். தண்ணீர்க் கட்டுப்பாட்டுக் காலத்திலும் முகம் கழுவிய நீரைச் சேர்த்துவைத்து அந்தத் தட்டை நிரப்பிவிடுவார். வேலியோரம் ஒரு முள்செடி நின்றது. "எங்கட ஆதொண்டையின்ர சொந்தக்காரி" என்று அறிமுகம் செய்தார். வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் அதில்தான் முட்டையிடும். புழுக்கள் பொரித்து ஒரே வாரத்தில் செடியை மொட்டையடித்துவிட்டன. எனக்குப் பதைப்பாக இருந்தது.

"செடி செத்துடப்போகுது திலகம், மருந்தடிங்க."

"தின்னட்டும். தின்னத்தானே வச்சது."

செடி சாகவில்லை. மறு மாதம் துளிர்த்தது. ஆனாலும் அந்த ஒரு மாதம் தினமும் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் மடியில் எப்போதும் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தட்டுக்கு வருகிறதையெல்லாம் எழுதுவார். செம்மூக்குச் சிட்டு அறுபது, வாலாட்டி இரண்டு, ரோஸ் வயிற்றுக் கிளி ஏழு. ஒருநாள் எட்டிப் பார்த்தால் வாலாட்டிக்குக் கீழே "கோமதி 1" என்றிருக்கிறது!

"நான் என்ன பறவையா?"

"தண்ணிக்கு வாறதெல்லாத்தையும் எழுத வேணும். நீங்கள் தேத்தண்ணிக்கு வாறீங்கள்."

அந்த நோட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. வந்ததற்கு எண் போடுவார். வராத சிலவற்றுக்கு மட்டும் சைபர் போடுவார். ஊரில் இல்லாத பறவை எத்தனையோ இருக்க, எதற்கு இதற்கு மட்டும் சைபர் என்று கேட்டேன். "வருமெண்டு பாத்துக்கொண்டிருந்து வராட்டித்தான் சைபர். நினையாததுக்குச் சைபர் இல்லை" என்றார். டீச்சரம்மா சட்டம் பேசுகிறார் என்று கேலி செய்தேன்.

மொழியில் நாங்கள் இருவரும் முட்டிக்கொள்ளாத நாளில்லை. அவர் கதைப்பார், நான் பேசுவேன். அவரிடம் "பேசினார்கள்" என்றால் திட்டினார்கள் என்று பொருளாம். "நேத்து உங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கடையில என்கிட்ட ரொம்ப நேரம் பேசினார்" என்று நான் பெருமையாகச் சொல்லப்போய், "ஐயோ, ஏன் பேசினவர்?" என்று அவர் பதறியதுண்டு. இதெல்லாம் விளையாட்டு. ஒரு ஜனவரி மாதம் அது விளையாட்டாக இல்லை.

கடைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. சுரங்க ஆபீஸ் தகவலெல்லாம் எதிர்வீட்டுக்குத்தான் வரும். வலைக்கதவில் திலகத்தின் கையெழுத்தில் ஒரு சீட்டு. "சுரங்க ஒபிசில இருந்து போன் வந்தது. வீட்டுக்கு ஆறுதலா வாங்கோ."

எங்கள் பக்கத்தில் ஆறுதல் என்பது துக்கப்பட்டவருக்குச் சொல்வது. சுரங்கத்திலிருந்து போன், பிறகு ஆறுதல். வேறென்ன நினைப்பேன்? பையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு நடுத்தெருவில் கழன்றது. கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடியது அப்போது தெரியவேயில்லை.

திலகம் கதிரையில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்துப் பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். மெதுவாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். தட்டைச் சுற்றி ஈரமண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் அப்பியிருந்தன. நடுக்கல்லில் சிட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக் குடித்தன.

"எப்போ?" என்றேன்.

"இப்பதான். பன்னிரண்டு மணிக்குப் பிறகு."

"வேற யாரும்...?"

"வேற ஒண்டும் இல்லை. வெள்ளை மட்டும்தான்."

வெள்ளை என்றதும் எனக்குச் சேலைதான் நினைவுக்கு வந்தது. மாமியாருக்கு யார் தந்தி கொடுப்பது, இவரை எந்த மண்ணில் வைப்பது, நான் எந்தக் கப்பலில் திரும்புவது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் எதிரில் இருந்ததைப் பார்த்தது. ஒரு சிட்டு வயிற்றை நனைத்து உதறிக்கொண்டது. ஒரு பூச்சி என் வெறும் பாதத்தில் வந்து உட்கார்ந்தது. உதறத் தோன்றவில்லை. அத்தனை கவனமாக என் ஆயுளில் எதையும் பார்த்ததில்லை. திலகம் நோட்டை என் பக்கம் நகர்த்தி, "வெள்ளை முப்பத்தி நாலு" என்று கிசுகிசுத்தார். சாவுச் செய்தியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுகிறாளே, இவள் மனுஷியா என்று எனக்கு ஆங்காரம் வந்தது.

"சொல்லித் தொலைங்களேன்! போன்ல என்ன சொன்னாங்க?"

"அதுவோ? உங்கட அவர் பின்னேர ஷிப்டும் நிண்டுட்டுத்தான் வருவாராம். சோறு வைக்க வேண்டாமாம்."

ஓங்கி அவர் தோளில் ஓர் அடி வைத்தேன். பிறகு ஓவென்று அழுதேன். தட்டிலிருந்த அத்தனையும் பறந்துபோயின. "என்னத்துக்கு அழுறீங்கள்? அவசரமில்லை, வேலையை முடிச்சுட்டு ஆறுதலா வாங்கோ எண்டுதானே எழுதினனான்?" என்றார். அவர்கள் ஊரில் அதற்கு மெதுவாக, சாவகாசமாக என்று பொருள். நான் எதை நினைத்து ஓடிவந்தேன் என்று சொன்னபோது அவர் முகம் வெளுத்துப்போயிற்று. என் காலைப் பிடித்துப் பார்த்தார். கொப்புளம் போட்டிருந்தது. சிட்டுக்கு வைத்திருந்த தட்டை இழுத்து அதில் என் காலை வைத்தார். அவர் இருந்தவரை பறவைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போன ஒரே வேளை அதுதான்.

"இனிமேல் உங்களுக்கு அந்தச் சொல்லை எழுதினால் உங்கட கருத்திலதான் எழுதுவன். சத்தியமா" என்றார்.

"வேண்டாம், நான் உங்க தமிழைக் கத்துக்கறேன்" என்றேன்.

பிறகு அது எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது. போன வருஷம் இவருக்கு வேலை மாறி நாங்கள் சிட்னிக்கு, இந்த வெஸ்ட்மீட் பக்கம் வந்துவிட்டோம்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். "இந்த முறை கொஞ்சம் மழை. ஆதொண்டையில் வெள்ளை வந்திட்டுது. இப்ப தட்டுக்குத் தண்ணி ஊத்துறது சிவபாலன்தான். நான் கதிரையில இருந்து எண்ணுறதோட சரி. ஒருக்கா ஆறுதலா வாங்கோ." அவ்வளவுதான் இருந்தது. ஆறுதலா என்ற சொல்லைக் கண்டதும் சிரித்தேன். பார், எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிட்டது, அவசரமில்லை என்கிறாள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அவர் அன்று செய்த சத்தியம் நினைவுக்கே வரவில்லை. அவருடைய பள்ளி விடுமுறைக்குப் போகலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். தட்டைத் தன் கையால் நிரப்பாமல் ஒருநாளும் இருக்காதவள், ஏன் புருஷனை ஊற்றச் சொல்கிறாள் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. சும்மா இருக்கிற நாளெல்லாம் பதறுகிறவள், பதற வேண்டிய ஒரே நாளில் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன் வந்த அன்றே ரயிலேறிப் போனேன். காரியங்கள் முடிந்த மறுநாள் காலை சிவபாலன் சொன்னார். வயிற்றில் புற்று. ஆறு மாதமாகத் தெரியுமாம். "ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவ. கோமதிக்கு நான் எழுதுறன், அவ பயந்த மனுசி, பதமாய்த்தான் எழுத வேணுமெண்டு சொன்னவ." பதமாய் எழுதினார். எனக்குப் புரியாத அளவுக்குப் பதமாய்.

"ஆறுதலாங்கறதை எந்த அர்த்தத்துல எழுதினாங்க?" என்று கேட்டேன். பாவம், அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். செம்மூக்குச் சிட்டு நாற்பது. வாலாட்டி ஒன்று. வெள்ளை பதினொன்று. கோமதி 0. மறுநாள், சிட்டு இருபத்தாறு, வெள்ளை ஒன்பது, கோமதி 0. அதற்கு மறுநாளும். பத்தொன்பது நாள். கடைசி நாலு நாள் சிவபாலனின் கையெழுத்து. "அவ சொன்னவ, நான் எழுதினனான்" என்றார்.

நினையாததுக்குச் சைபர் இல்லை.

பின்வளவுக்குப் போனேன். சாவு நடந்த வீட்டில் தட்டை யார் கவனிப்பார்கள்? காய்ந்து கிடந்தது. சிட்டுகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. தட்டை நிரப்பினேன். அவர் கதிரையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. என் ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். அரை மணியில் எல்லாம் இறங்கி வந்தன.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம், அவர் உன்னைத் தவறாக நினைத்திருக்க மாட்டார் என்கிறார்கள். இருக்கலாம். நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவருடையதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அன்று காலை அந்த வளவிலேயே, சிவபாலனின் கையெழுத்துக்குக் கீழே, என் கையால் எழுதினேன். செம்மூக்குச் சிட்டு ஐம்பத்திரண்டு. வாலாட்டி ஒன்று. வெள்ளை நாலு. கோமதி 1.

பிறகு, அவர் சட்டப்படியே, திலகம் 0.