தரகர் ஒச்சாயியின் கழுத்து

ஆனையூர் ஒச்சாயி கல்யாணத் தரகர். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவள் தலை தானாக இடவலமாக ஆடத் தொடங்கியது. வேறு தொழிலாக இருந்திருந்தால் பாதகமில்லை. "தங்கமான பையன்" என்று வாய் சொல்லும். "இல்லை, இல்லை" என்று தலை ஆடும். பெண்வீட்டார் தலையைத்தான் நம்பினார்கள். திருநகரில் ஒரு வீட்டில் வைத்த காபியையே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புருஷன் பேயாண்டி அவளைக் குறிசொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போனான். கோடாங்கி உடுக்கையை அடித்து, "வந்திருக்கது கருப்பா?" என்று கேட்டார். தலை இல்லை என்றது. "காளியா? அய்யனாரா?" அதற்கும் இல்லை. தெரிந்த சாமிகளெல்லாம் தீர்ந்துபோனதும், "இது வெளியூருச் சாமி" என்று சொல்லிக் காணிக்கைச் சேவலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கடைசியில் நரம்பு டாக்டர் சரண்யாதேவியிடம் போனார்கள். தாடையில் ஒரு விரலை வைத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது என்று ஒச்சாயி செய்து காட்டியதும் டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் இந்த நோயின் அடையாளமாம். பெயர் டிஸ்டோனியா. கழுத்துத் தசைகளுக்கு மூளை தாறுமாறாக உத்தரவு போடுகிறதாம். நடிகைகள் முகச்சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஊசிதான் இதற்கும் மருந்து.

"அப்ப மூஞ்சிக்கும் ரெண்டு போட்டுவிடுங்க டாக்டரம்மா" என்றான் பேயாண்டி.

"ஒனக்கு வாயில போடச் சொல்லட்டுமா?" என்றாள் ஒச்சாயி.

ஆராய்ச்சிக்காக ஊசிக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ரைஸ்மில் மாதிரி இரையும் குழாய்க்குள், தூங்காமல் சும்மா கிடக்கச் சொன்னார்கள். அவள் வாழ்நாளில் சும்மா கிடந்தது அன்றைக்குத்தான்.

சில வாரங்களில் தலை நின்றுவிட்டது. டாக்டர் இரண்டு படங்களையும் காட்டினார்.

"ஊசி கழுத்துல போட்டீக. மாத்தம் மண்டைக்குள்ளயா?"

"மருந்து மூளைக்குப் போகலம்மா. தசை அடங்குனா, அங்கருந்து மூளைக்குப் போற சேதி மாறும். அதனால மூளைல ஒரு எடமும் இன்னொரு எடமும் பேசிக்கிறதும் மாறியிருக்கும்னு நெனைக்கிறோம். இங்க பாருங்க, இந்த ரெண்டு எடமும் பேசுறது கொறஞ்சிருக்கு. சிறுமூளைப் பக்கம் கூடியிருக்கு. ஆனா ஊசி வேகம் மூணு, நாலு மாசந்தான்."

"என்னையக் கேக்காமலே எம்புட்டுப் பேச்சுவார்த்த நடந்திருக்கு" என்று ஒச்சாயி படத்தை முறைத்தாள்.

அடுத்த வாரம் திருமங்கலம் பக்கம் நல்லகாமன் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு. "மாப்பிள்ளைக்குக் குடி உண்டா?" என்றார் அவர். "தொடவே மாட்டான்" என்ற வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலையாட்டத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த வீடே அவள் தலையைப் பார்த்தது. தலை கல்தூண் போல நின்றது. என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்கள் என்று புரிந்ததும் அவளுக்கு வியர்த்தது. பொய்யில் பாதியை இத்தனை நாளும் தலை தள்ளுபடி செய்துவந்தது. இனி முழுசும் அவள் பொறுப்பு.

"சனி, ஞாயிறு குடிப்பாண்ணே. வேலையில கெட்டி."

நல்லகாமன் யோசித்தார். "ரெண்டு நாளுதானா?" என்றவர் உள்ளே திரும்பி, "காபி கொண்டாங்க" என்றார்.

அழகர்கோவிலில் அந்தக் கல்யாணம் நடந்தபோது ஊசியின் வேகம் தீர்ந்திருந்தது. பந்தியில் பாயசம் ஊற்ற வந்தவர் அவள் தலையாட்டலைப் பார்த்து அடுத்த இலைக்கு நகர்ந்தார். ஒச்சாயி எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"தலையை விடுப்பா. வாய் சொல்றதைக் கேளு. ரெண்டு கரண்டி ஊத்து."