மழை வந்து அடக்கிய இரைச்சல்

எண்பதுகளின் தொடக்கம். வெளிநாட்டு லேப் கருவிகளை விற்கும் ஒரு சென்னை கம்பெனியில் நான் சர்வீஸ் இன்ஜினியர். கோவில்பட்டியிலிருந்து ட்ரங்கால் வந்தது. பேசி முடித்த மேனேஜர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே என்னிடம் சொன்னார்: "விதை லேப்ல என்.எம்.ஆர். தகராறாம். விதைப்பு நெருங்கிடுச்சுன்னு அந்த மேடம் பதறுறாங்க. இன்னிக்கே ரயில் ஏறு."

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காந்தத்தின் நடுவே கண்ணாடிக் குழாயில் சூரியகாந்தி விதையை வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். விதையை அரைக்க வேண்டாம். அளந்த அதே விதையை மண்ணில் போடலாம். ஆனால் எண்ணெயிலிருந்து வரும் சிக்னல் மிக மெல்லியது. வெளியிலிருந்து கொஞ்சம் மின் இரைச்சல் நுழைந்தாலும் எண் கெட்டுவிடும்.

சொர்ணம் மேடம் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் சூரியகாந்தியில் புதிய ரகம் உருவாக்கிக்கொண்டிருந்தவர். நான் பையைக் கீழே வைப்பதற்குள் குழாயோடு வந்துவிட்டார்.

"ஒரே குழாய், ஒரே விதை. இப்பம் முப்பத்தெட்டுங்குது. கொஞ்சம் பொறுத்து வச்சா நாப்பத்தொண்ணுங்குது. எந்த நம்பரை நம்பி நான் செடியைக் கழிக்க?"

பல வருஷம் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்து வளர்த்த செடிகள். செடிக்கு ஒரு பொட்டலமாக விதை எடுத்து வைத்திருந்தார். எண்ணெய் கூடுதலாக உள்ள பொட்டலம் நிலத்துக்குப் போகும். மற்றவற்றைப் பிரித்து மூலையில் இருந்த சாக்குக்குள் கொட்டிவிடுவார். பாதிப் பொட்டலங்களை அளந்து கழித்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார்கள். சுற்றியிருந்த சம்சாரிகள் உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபேன், டியூப்லைட், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன். கேபிள் முனைகளைத் துடைத்தேன். கொண்டுபோயிருந்த ஆம்ப்ளிஃபயர் போர்டையும் போட்டுப் பார்த்தேன். சிக்னலைக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில் கோடு புல் முளைத்த மாதிரியே நின்றது. இரைச்சலை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் வயரை மீட்டர் வைத்துச் சோதித்தேன். மெஷினிலிருந்து சுவர் வரை சரியாக இருந்தது. சாப்பிட இலையில் உட்கார்ந்தேன். பாதியில் கைகழுவி எழுந்து, பார்த்ததையே மறுபடி பார்த்தேன்.

பிறகு ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டரை ஸ்டேஷன் எதுவும் விழாதபடி திருகி வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினேன். மின் இரைச்சல் இருக்கும் பக்கம் அது கொரகொரக்கும். காதில் ரேடியோவோடு வேலியோரம் நடந்தவனைப் பார்த்து, வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் "ஸ்கோர் எவ்ளோ சார்?" என்று கேட்டார்கள்.

கொரகொரப்பு ரோட்டைத் தாண்டி ராமசுப்பு அண்ணாச்சியின் வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய் விட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"என் பட்டறையில இருந்து அங்கன என்ன வருது சார்? புகைகூட வராதே."

"கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்துங்க அண்ணாச்சி."

"நிறுத்துதேன். கலப்பைக்குக் காத்துக் கிடக்கவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

நிறுத்தினார். லேபுக்கு ஓடி வந்து திரையைப் பார்த்தேன்; இரைச்சல் குறைந்திருந்தது, போகவில்லை. திரும்பிப் பட்டறைக்குப் போய், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

"அப்பம் கள்ளன் யாரு?" என்றார்.

டிரான்சிஸ்டரோடு மறுபடி வேலியோரம் நடந்தேன்.

மறுநாள் மதியம் மழை கொட்டியது. மழை விடுவதற்குள் திரையில் கோடு தண்ணீர் மாதிரிப் படுத்துவிட்டது. ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப வைத்தோம். எண் அசையவில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் அதிகாரிக்கு ஒரே சந்தோஷம்.

"சரியாயிட்டுல்லா? சர்வீஸ் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. சாயங்காலம் ரயில் இருக்கு."

பேனாவை எடுத்துவிட்டேன். மறுபடி கீழே வைத்தேன். நான் எதையும் சரிசெய்யவில்லையே. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிர்ப்பட்டறையில் தகரக் கொட்டகைக்குள் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. இரைச்சல் அங்கேயேதான் இருக்கிறது. அது மண்ணுக்குள் இறங்கத்தான் இப்போது வழி கிடைத்திருக்கிறது. மழையில் மாறியது மண் மட்டும்தான்.

மெஷினின் பின்னால் போய் எர்த் வயரைக் கழற்றினேன். திரையில் மறுபடி புல் முளைத்தது. மாட்டினேன். அடங்கியது.

நான் விளக்குவதற்கு முன்பே மேடத்துக்குப் புரிந்துவிட்டது.

"அப்பம் மண்ணு காஞ்சு கெடந்தப்ப அளந்ததெல்லாம்?"

"நம்ப முடியாது மேடம்."

அவர் மூலைச் சாக்கிடம் போனார். ஒரு கை விதையை அள்ளினார். எந்த விதை எந்தச் செடியுடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. விரலிடுக்கு வழியாக அதை மெல்ல உள்ளேயே விட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஈரம் இருக்க வரைக்கும் மிச்சத்தை அளக்கேன்" என்றார். "முடிஞ்ச பிறகு குழியைத் தோண்டுங்க."

ரயிலை விட்டேன். அவர் அளந்து முடித்ததும் எர்த் குழியின் மூடியைப் பெயர்த்துத் தோண்டச் சொன்னோம். மேலே மட்டும் சேறு பைப்பைப் பிடித்திருந்தது. ஓரடி கீழே மண் இன்னும் காய்ந்து பிளந்திருந்தது. பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் கை நுழைந்தது. ஈரம் காக்கப் போடும் கரியும் இல்லை, உப்பும் இல்லை. வெறும் பைப்பை இறக்கி மூடியிருக்கிறார்கள். கரிசல் காய்ந்தால் சுருங்கி விலகும். எர்த் அந்தரத்தில் நிற்கும். வேறு இடத்தில் ஆழமாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் வைத்தோம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தேன். எண் நிலையாக நின்றது.

அன்று குழி வேலை முடிந்து நான் கிளம்பும்போது மேடம் சாக்கைக் காட்டிச் சொன்னார்: "இதையும் விதைக்கப் போறேன். பசுவந்தனையில ஒரு சம்சாரி நிலம் தாரேன்னிருக்காரு."

"எது எதுன்னு தெரியாதே மேடம்."

"தெரியாதுதான். பூக்கட்டும். முதல்ல இருந்து ஒவ்வொரு செடியா பாக்கேன்."

அது இன்னும் சில வருஷ வேலை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். மெஷின் தானாகச் சரியானால் நிம்மதியாகிவிடாதீர்கள். என்ன மாறியது என்று தெரியும்வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் ரயில் ஏறிய பிறகும் அந்த எண்ணை நம்பி ஒருவர் விதைகளைக் கழித்துக்கொண்டிருப்பார்.